பெங்களூரில் ஒரு பீரோச் சண்டை

பெங்களூரில் இறங்கிய மறுநாளே ஓர் ஆஸ்பத்திரி நிர்வாகியோடு சண்டை போட்டேன். சண்டைக்காக வரவில்லை. வெலிங்டனில் இருக்கும் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, குறைமாதக் குழந்தைகளுக்கான இரண்டு இன்குபேட்டர்களைக் கப்பலில் அனுப்பியிருந்தோம். ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் அவற்றை ஒப்படைக்க வேண்டும், அங்கே உள்ள நர்ஸ்களுக்கு இயக்கக் கற்றுத்தர வேண்டும், கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நியூசிலாந்தில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருப்பவள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கோலார் தங்கவயலில் பிறந்து கன்னடமும் பேசுபவள் என்பது இன்னொரு காரணம்.

குஜராத்தில் பூகம்பம் வந்த வருடம் அது. அந்தச் செய்திகளின் சூடு ஆறுவதற்குள் வந்து இறங்கினேன்.

விமான நிலையத்துக்கு என் சித்தி மகன் பால்ராஜ் வந்திருந்தான். வந்தது பைக்கில். என்னிடமோ பெரிய பெட்டிகள். ஓர் ஆட்டோவைப் பிடித்துப் பெட்டிகளையும் என்னையும் அதில் திணித்துவிட்டு அவன் பின்னால் வந்தான். தொம்லூரைத் தாண்டுவதற்குள் ஆட்டோவின் கிளட்ச் வயர் அறுந்தது. டிரைவர் பதறவே இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து இன்னொரு வயரை எடுத்து, ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்து மாட்டினார். பஸ்களும் லாரிகளும் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. வெலிங்டனில் இப்படி வண்டி நின்றால் போன் செய்து, இழுவை வண்டி வந்து, அன்றைய நாளே முடிந்துவிடும். இங்கே நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மனது வைத்தால் இந்த ஊர்க்காரர்களால் எதையும் சரிசெய்துவிட முடியும் என்று நினைத்துக்கொண்டேன். மனது வைக்க வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அப்போது தெரியாது.

பால்ராஜின் வீடு ஆஸ்டின் டவுனில். முன்னறையில் ஃபிரிட்ஜ், அதன் மேல் டிவி, டிவியின் மேல் ஏசுநாதர் படம், படத்தின் மேல் கடிகாரம். அவன் மனைவி மெர்சி ராகிக் களியும் மாட்டுக்கறி வறுவலும் செய்து வைத்திருந்தாள். அந்தக் காரத்தை நாக்கு மறந்திருந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு, நான் படுக்க வேண்டிய கட்டிலின் தலைமாட்டில் நின்ற பீரோவையும் அதன்மேல் அடுக்கியிருந்த பெட்டிகளையும் பார்த்தேன். கட்டிலை எதிர்ச்சுவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“இன்னாக்கா, வந்ததும் வராததுமா வீட்ட மாத்தற?” என்றான் பால்ராஜ்.

அவனுக்கு விளக்கினேன். வெலிங்டனில் தரை அடிக்கடி லேசாக நடுங்கும். வார்டில் கோப்பைகள் கிணுகிணுக்கும். ஆளுக்கொரு இன்குபேட்டரின் மேல் கையை வைத்து நிற்போம். நடுக்கம் அடங்கியதும் டீ குடிக்கப் போவோம். பயமில்லாமல் போக முடிவதற்குக் காரணம், அங்கே எல்லாமே எதிலாவது பிடிமானமாகக் கட்டப்பட்டிருக்கும். அலமாரி சுவரோடு, சிலிண்டர் சங்கிலியோடு, மானிட்டர் பட்டையோடு. பூகம்பத்தில் கட்டடம் நின்றுவிட்டாலும், உள்ளே இருப்பவை விழுந்து ஆளைக் கொல்லும். ஆஸ்பத்திரியில் அது இன்னும் மோசம். விழுந்த பீரோ கதவை அடைத்துக்கொள்ளும், உடைந்த மருந்துப் புட்டிகளின் மேல் யாரும் கால் வைக்க முடியாது, அடிபட்டவர்கள் வாசலுக்கு வரும் நேரத்தில் ஆஸ்பத்திரியே நோயாளியாகிக் கிடக்கும்.

பால்ராஜ் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு எழுந்து, டிவியை ஃபிரிட்ஜிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். அன்று மாலை முழுக்க மெர்சி என்னோடு பேசவில்லை. தரையில் வைத்த டிவியில் அவள் சீரியல் சரியாகத் தெரியவில்லையாம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தைகள் வார்டு முதல் மாடியில் இருந்தது. சுத்தமான வார்டு, அதில் குறை சொல்ல முடியாது. புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். எங்கள் இன்குபேட்டர்கள் இரண்டும் சுவரோரமாக நின்றன. அவற்றுக்கு இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் இரும்பு பீரோக்கள். பீரோக்களின் தலையில் குளுக்கோஸ் புட்டிப் பெட்டிகள், கூரையைத் தொடுகிற அளவுக்கு. மூலையில் ஆக்சிஜன் சிலிண்டர்கள், திருவிழாக் கூட்டம்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. ஒரு பீரோவை விரலால் தள்ளிப் பார்த்தேன். ஆடியது.

நிர்வாகி மூர்த்தி நல்ல மனிதர். என்னை உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். திறப்பு விழாவுக்கு மந்திரி வருகிறார் என்றும், என்னையும் மேடையில் உட்காரவைக்கப் போவதாகவும் சொன்னார். நான் பீரோக்களைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்.

“மேடம், பெங்களூரு பாறை மேல உக்காந்திருக்கு. லால்பாக்ல போய்ப் பாருங்க. எத்தனையோ கோடி வருஷத்துப் பாறை. இங்க அதெல்லாம் வராது.”

சில வருடங்களுக்கு முன்னால் பூகம்பத்தில் தரைமட்டமான கில்லாரியையும் அப்படித்தான் சொன்னார்கள் என்றேன். அங்கேயும் பூகம்பம் வராது என்று நம்பித்தான் ஜனங்கள் படுத்திருந்தார்கள். அது மகாராஷ்டிரா என்றார் அவர். பாறைக்கு மாநில எல்லை தெரியாது என்றேன். கட்டடம் கட்டிய என்ஜினியர் கெட்டிக்காரர் என்றார். கட்டடத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குள் நிற்கும் பீரோக்களைப் பற்றித்தான் பேசுகிறேன் என்றேன். அவர் மறுபடியும் காபி வேண்டுமா என்று கேட்டார்.

“வராதுன்னு நீங்க எழுதிக் குடுங்க சார். நான் இப்பவே கையெழுத்துப் போட்டு ஒப்படைச்சிட்டுப் போறேன். இல்லன்னா, பீரோவைச் சுவத்தோட கட்டற வரைக்கும் கையெழுத்துக் கிடையாது.”

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

வார்டுக்குத் திரும்பினால் அங்கே இன்னொரு எதிர்ப்பு காத்திருந்தது. வார்டுப் பொறுப்பு சிஸ்டர் சுஜாதா, மாண்டியாவிலிருந்து வந்தவள், தமிழ் புரியும் ஆனால் கன்னடத்தில்தான் பேசுவாள். நான் நிர்வாகியிடம் பேசியது எனக்கு முன்னாலேயே வார்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. நீங்கள் நாலு நாள் இருந்துவிட்டு விமானம் ஏறிப் போய்விடுவீர்கள், இந்த பீரோவை நிமிஷத்துக்கு நிமிஷம் திறந்து மூடுகிறவள் நான், என்றாள். சங்கிலி போட்டால் சிலிண்டர் மாற்றும்போது நேரமாகும், அந்த நேரத்தில் குழந்தை நீலம் பாரித்தால் யார் பதில் சொல்வது என்றும் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பிரசவ அறையிலிருந்து ஆள் ஓடி வந்தது. ஏழு மாதத்திலேயே பிறந்த பெண் குழந்தை. உள்ளங்கை அகலம்தான் இருந்தது.

சுஜாதா குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கன்னடத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “இப்பச் சொல்லுங்க. உங்க போல்ட்டுக்காக இவளை வெளியே வச்சிருக்கணுமா?”

இன்குபேட்டரின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, அதைச் சுவரோரத்திலிருந்து வார்டின் நடுவுக்கு இழுத்தேன். சுஜாதாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கையில் குழந்தையை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவளும் தள்ளினாள். நடு வார்டில், எந்த பீரோவும் விழுந்து தொடமுடியாத இடத்தில், சக்கரங்களைப் பூட்டினோம். வெப்பம் ஏறியதும் குழந்தையைப் படுக்கவைத்தோம். மின்சார வயர் தரையில் குறுக்காக ஓடியது. அதைத் தாண்டித் தாண்டி வேலை செய்தோம்.

மாலைக்குள் அந்த வயரில் தடுக்காத நர்ஸே இல்லை. ருக்மிணி என்ற ஆயா விழவே பார்த்தாள். அவள் ஏற்கெனவே காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பவள். ஏன் என்று கேட்டேன். போன மழைக்காலத்தில் சிலிண்டர் ஒன்று சரிந்து அவள் கால் விரல்களை நசுக்கிவிட்டதாம். பூகம்பம் வரவில்லை, யாரோ ஸ்டிரெச்சரைத் திருப்பும்போது இடித்தார்கள், அவ்வளவுதான். சுஜாதா இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்று வேலை முடிந்து கிளம்பும்போது என்னருகே வந்து, சங்கிலி எங்கே கிடைக்கும், எனக்கும் ஒரு யோசனை இருக்கிறது, சேர்ந்து போகலாமா என்று கேட்டாள்.

அப்படித்தான் நாங்கள் இருவரும் மறுநாள் சிவாஜிநகர் போனோம். சிட்டி பஸ் பாதி வழியில் நின்றது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். கண்டக்டர் மட்டும் படிக்கட்டில் நின்றுகொண்டு, தள்ளுகிறவர்களிடம் டிக்கெட் வாங்கியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுஜாதா சிரித்த முதல் தடவை அதுதான்.

சிவாஜிநகரில் பஸ் நிலையத்தை ஒட்டிய சந்துகளில் கிடைக்காத பொருள் கிடையாது. ஒரு பக்கம் கறி தொங்குகிறது, அடுத்த கடையில் கல்யாணத் துணி. இரும்புச் சாமான் கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த பாய். உருதும் தமிழும் கலந்த பேச்சு. சங்கிலி வேண்டும் என்றதும், “நாய்க்கா, ஆட்டுக்கா, கேட்டுக்காம்மா?” என்றார். ஆக்சிஜன் சிலிண்டருக்கு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அது எங்கே ஓடிப்போகப் போகிறது என்று கேட்டார். சுஜாதா கன்னடத்தில் ருக்மிணியின் கால்விரல் கதையைச் சொன்னாள். பாய் எழுந்து உள்ளே போய்ப் பருமனான சங்கிலியைக் கொண்டுவந்து போட்டார்.

சுஜாதாவின் யோசனை கொக்கியைப் பற்றியது. திருகிப் பூட்டும் கொக்கி வேண்டாம், ஒரு கையால் தட்டினால் கழன்றுகொள்ளும் கொக்கிதான் வேண்டும். இன்னொரு கையில் எப்போதும் குழந்தை இருக்கும் என்றாள். கடையிலிருந்த கொக்கிகளை எல்லாம் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் மாட்டி மாட்டிக் கழற்றிப் பார்த்தாள். கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நான் அந்த இடைவெளியில் எதிர்க் கடையில் சீக் கபாபும் பரோட்டாவும் தின்றேன். வெலிங்டனில் கபாப் என்ற பெயரில் விற்பதை இனிமேல் அந்தப் பெயரால் அழைக்க மாட்டேன். தனக்குப் பிடித்த கொக்கியைக் கண்டுபிடித்துவிட்டு சுஜாதா பன்னும் டீயும் சாப்பிட்டாள். பேரம் பேசியதும் அவள்தான். வெலிங்டன் குடும்பங்கள் தந்தனுப்பிய பணத்தில் பாதி மிஞ்சியது.

பீரோவைச் சுவரோடு பிடிக்க ‘எல்’ வடிவ இரும்புகள் வேண்டும். பால்ராஜ் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவனுக்குத் தெரிந்த பட்டறையில் வெட்டித் துளை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தான். அடுத்த நாள் அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனேன். ஊரின் மறுகோடிவரை புகை, ஹாரன், மறுபடியும் புகை. என் வெள்ளைச் சேலை பீன்யா போய்ச் சேர்ந்தபோது வெள்ளையாக இல்லை.

பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம். கேரியரைத் திறந்து உட்கார்ந்திருந்த நாலைந்து பேரும் தங்கவயல்காரர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. சுரங்கத்தை மூடிய பிறகு இங்கே வேலைக்கு வந்தவர்கள். நான் எதற்காக வந்தேன் என்று பால்ராஜ் சொன்னதும், ஒருத்தர் பிசைந்த கையோடு நிமிர்ந்தார். அவர் பெயர் அந்தோணி. என் வயதுதான் இருக்கும்.

“ஏர் பிளாஸ்ட்டு ஞாபகம் கீதுல்ல உனுக்கு?” என்றார்.

எப்படி மறக்கும்? எங்கள் ஊரில் பூமி ஆடுவதற்கு அதுதான் பெயர். ஆழத்தில் பாறை வெடித்து நொறுங்கும்போது மேலே எங்கள் லைன் வீடுகள் குலுங்கும். அடுத்த நொடி தெருவே வாசலில் நிற்கும். வீட்டைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஷிப்டில் உள்ளே இறங்கியிருப்பது யார் யார் என்றுதான் கேட்பார்கள். அந்தோணியின் தம்பி தொட்டிலில் கிடந்தபோது ஒரு தடவை அலமாரிப் பாத்திரங்கள் எல்லாம் சரிந்தனவாம். அண்டா ஒன்று தொட்டில் கயிற்றில் பட்டுத் திசைமாறி விழுந்ததாம். இல்லையென்றால் தம்பி இல்லை என்றார். பிறகு மறுபடியும் சோற்றில் கை வைத்தார். எனக்கும் ஒரு பங்கு சோறும் கருவாட்டுக் குழம்பும் தந்தார்கள்.

பாறை அசையாது என்று மூர்த்தி என்னிடம் சொல்கிறார். பாறை வெடித்து அப்பாவைத் தேடி ஓடியவர்களிடம்! அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குக் கோபம் உண்மையாக வந்தது. அதுவரை இருந்தது வெறும் பிடிவாதம்.

திரும்பும்போது இரும்புகளைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றினோம். யஷ்வந்த்பூர் சர்க்கிளில் ஒரு பள்ளத்தில் ஆட்டோ குதித்ததும் சாக்கு கிழிந்து இரும்புகள் ரோடெல்லாம் சிதறின. போக்குவரத்து நின்றது. டிராபிக் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், இரு கையையும் விரித்து லாரிகளை மறித்துக்கொண்டு, பொறுக்கி எடும்மா, சீக்கிரம் என்றார். ஒரு ஸ்கூட்டர்க்காரர் தன் தலைக்கவசத்தில் அள்ளிக் கொடுத்தார். ஒன்றிரண்டு தொலைந்திருக்கும். மீதி வந்து சேர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை மெர்சியும் பால்ராஜும் என்னை லால்பாக்குக்குக் கூட்டிப்போனார்கள். மூர்த்தி சொன்ன பாறையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நான்தான் கேட்டேன். வெயிலில் சூடேறிய அகலமான பாறை. அதன்மேல் குடும்பங்கள், காதலர்கள், வெங்காயமும் மிளகாய்ப்பொடியும் தூவிய கடலை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அவர் சொன்னது பொய்யில்லை, அது உறுதியான பாறை. நூறு வருடம் அசையாமல் இருக்கலாம், ஆயிரம் வருடமும் இருக்கலாம். ஆனால் அதன்மேல் நான் வைத்திருந்த கடலைப் பொட்டலம் ஒரு குழந்தை ஓடிவந்து இடித்ததும் உருண்டு கீழே போய்விட்டது. மெர்சி விழுந்து விழுந்து சிரித்தாள். டிவி விஷயத்தில் அன்றோடு சமாதானம்.

துளை போடும் வேலையை மறுநாள் தொடங்கினோம். அந்த ஒரு வார்டில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், ஆஸ்பத்திரிப் பணத்தில் கைவைக்காதீர்கள் என்று மூர்த்தி சொல்லியிருந்தார். பால்ராஜ் லீவு போட்டுவிட்டு டிரில்லிங் மிஷினோடு வந்தான். முதல் துளையிலேயே பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. அது செங்கல் சுவரே இல்லை, நடுவில் வைத்த மெல்லிய பலகைத் தடுப்பு. அதில் பீரோவைக் கட்டுவதும் கட்டாமல் விடுவதும் ஒன்றுதான். பீரோ விழும்போது தடுப்பையும் இழுத்துக்கொண்டு விழும். ஆகவே வார்டையே மாற்றிப் போட வேண்டியதாயிற்று. சுவரைத் தட்டித் தட்டிச் செங்கல் இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்தோம். பீரோக்கள் அங்கே போயின. அவற்றின் தலைமேலிருந்த புட்டிப் பெட்டிகளைக் கீழ்த்தட்டுகளுக்கு இறக்கினோம். நடுவில் கரண்ட் போய்விட்டது; இன்குபேட்டர் மட்டும் ஜெனரேட்டரில் ஓடியது. கரண்ட் வந்தபோது குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. பால்ராஜ் தாய்ப்பால் நேரம்வரை காத்திருந்து, குழந்தைகள் தாய்மார்களிடம் போனதும் துளையிட்டான்.

வராந்தாவில் இரண்டு தாய்மார்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. எதற்குச் சங்கிலி போடுகிறார்கள் என்று ஒருத்தி கேட்டாள். ஆக்சிஜனைத் திருடுகிறார்களாம் என்றாள் மற்றவள். ருக்மிணி அவர்களுக்குத் தன் காலைக் காட்டிக் கதை சொன்னாள். அன்று முழுக்க வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காலைக் காட்டினாள்.

வேலை முடிந்ததும் சுஜாதா பீரோவின் கதவைப் பிடித்துத் தன் முழு பலத்தோடு இழுத்தாள். அசையவில்லை. சிலிண்டர் கொக்கியை இடது கையால் தட்டினாள். கழன்றது. நடு வார்டிலிருந்த இன்குபேட்டரை இருவரும் சுவரோரமாகத் தள்ளினோம். உள்ளே அந்த ஏழு மாதக் குழந்தை கொட்டாவி விட்டது.

விழாவுக்கு முந்தைய நாள் மூர்த்தி வார்டைப் பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்தார். முகம் மாறியது. ஜெயில் மாதிரி இருக்கிறது என்றார். போட்டோ எடுப்பார்கள், பேப்பரில் வரும், டிரஸ்ட்காரர்கள் என்னைத்தான் கேட்பார்கள் என்றார். ஒரு நாளைக்கு மட்டும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மறுநாள் மறுபடியும் மாட்டிக்கொள்ளலாம் என்றார். ஒரு தடவை கழற்றினால் மறுபடி மாட்டுகிற மறுநாள் வரவே வராது என்று எனக்குத் தெரியும். முடியாது என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் சுஜாதாவைப் பார்த்து, காலையில் கார்பெண்டர் வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது கார்பெண்டர் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தார். மூர்த்தியும் நின்றிருந்தார். பீரோவுக்கும் அவர்களுக்கும் நடுவில் சுஜாதா. அவள் கத்தவில்லை. கன்னடத்தில், சாதாரணமாகப் பேசினாள். வார்த்தை மாறாமல் தமிழில் தருகிறேன்.

“தாராளமா கழட்டுங்க சார். ஆனா முதல்ல குழந்தைங்களை எல்லாம் கீழ் வார்டுக்கு மாத்திடறேன். கட்டாத பீரோவுக்குப் பக்கத்துல ஒரு குழந்தையையும் நான் படுக்க வைக்க மாட்டேன். மந்திரி வந்து காலிப் பெட்டியைப் பாத்துட்டுப் போகட்டும்.”

இதற்கு என்ன பலன் என்று தெரியுமா என்று மூர்த்தி கேட்டார். தெரியும் என்றாள். வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றாள். ஆனாலும் அவள் நகரவில்லை. ருக்மிணி ஒரு ஸ்டூலை இழுத்துவந்து பீரோவின் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். மற்ற நர்ஸ்கள் எழுந்து வந்து நின்றார்கள். நானும் போய் நின்றேன். எனக்கு இழக்க ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் விமானம். அவர்கள் நிற்பது வேறு, நான் நிற்பது வேறு. அதை உணர்ந்தே நின்றேன்.

மூர்த்தி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கீழே மேளம் கேட்டது. மாலை கட்டுகிறவர்கள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். அவர் கார்பெண்டரைப் போகச் சொன்னார். பிறகு பூக்காரரைக் கூப்பிட்டு, சங்கிலி தெரியாமல் பூ சுற்றுங்கள் என்றார். அப்படியே சுற்றினார்கள். ஆக்சிஜன் சிலிண்டர்கள் சாமந்திப் பூவோடு கல்யாண மாப்பிள்ளைகள்போல நின்றன. கொக்கியின்மேல் மட்டும் பூ வேண்டாம் என்று சுஜாதா கறாராகச் சொல்லிவிட்டாள்.

மந்திரி மிகவும் தாமதமாக வந்தார். ரிப்பனை வெட்டினார். வார்டுக்குள் நாலடி வைத்தார், காமிராவைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடியும் காமிராவைப் பார்த்தார், போய்விட்டார். சுவர்ப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. நான் மேடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். மூர்த்தி மரியாதை குறையாமல் எனக்குச் சால்வை போர்த்தினார். போர்த்தும்போதே டிரஸ்ட்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். அவரும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர்தான்.

ஊருக்குத் திரும்பும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். சுஜாதாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருந்தது. நான் யாரிடமாவது பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நீங்கள் போன பிறகு நான்தான் இங்கே இருக்க வேண்டும், என் சண்டையை நானே போட்டுக்கொள்கிறேன் என்றாள். ஏழு மாதக் குழந்தையின் எடை கூடியிருந்தது. அதன் அம்மா அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. சங்கிலி போட்ட அம்மா என்று ருக்மிணி என்னை அவளிடம் அறிமுகப்படுத்தினாள்.

பூகம்பம் வரவில்லை. வராமலே போகட்டும். அது வந்து என் பேச்சு சரியென்று நிரூபிக்க வேண்டும் என்று ஒரு நாளும் நான் ஆசைப்பட்டதில்லை.

சில மாதங்கள் கழித்து வெலிங்டனிலிருந்து பால்ராஜுக்குப் போன் செய்தபோது சுஜாதாவைப் பற்றிக் கேட்டேன். அவளைக் குழந்தைகள் வார்டிலிருந்து எடுத்துவிட்டார்களாம். தரைத்தளத்தில் மருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்களாம். ஜன்னல்கூட இல்லாத இடம். மேல் வார்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அங்கே வந்த புது சிஸ்டர் எதையும் கழற்ற விடவில்லை, ருக்மிணி விட்டால்தானே என்றான்.

“அது கிடக்கட்டும்க்கா, நேத்து அந்தம்மா பீன்யாவுக்கே வந்துச்சு” என்றான். “ஸ்டோர்ல ரேக்கெல்லாம் கூரை வரைக்கும் நிக்குதாம். போன தடவ குடுத்த இரும்பு பத்தாது, இன்னும் நீளமா வெட்டிக் குடுன்னு அளவு சொல்லிட்டுப் போச்சு. நானும் அந்தோணியும் வெட்டிக்கினு கீறோம்.”